பெட்டிக்கு 240 மீட்டர்: மிஷன் பீக் ஜியோகேஷ் நடை பற்றிய நிகழ்வு ஆய்வு

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரை ஒட்டியிருக்கும் மிஷன் பீக் மலையில், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூலை மாதச் சனிக்கிழமை நடந்தது இது. நான்கு பேர், விளையாட்டாக யாரோ மறைத்து வைத்த ஜியோகேஷ் பெட்டி ஒன்றைத் தேடி மேலே போனோம். பெட்டி கிடைக்கவில்லை. எங்களில் மூத்தவர் மீட்புக் குழுவின் வண்டியில் இறங்க வேண்டியதாயிற்று. நடைக்கு ஏற்பாடு செய்ததும் முன்னால் நின்று நடத்தியதும் நான்தான். மற்ற மூவரின் சம்மதத்தோடு, பெயர்கள் இல்லாமல் எழுதுகிறேன். பெட்டி இருக்கும் இடத்தையும் சொல்லப்போவதில்லை. இனி தேடிப் போகிறவர்களுக்கு அந்த மகிழ்ச்சி மிச்சம் இருக்கட்டும்.

ஃப்ரீமாண்டிலும் சுற்றுவட்டாரத்திலும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால், வார இறுதியில் அழைத்துப் போகிற இடங்களில் மிஷன் பீக்கும் ஒன்று. அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

பின்னணி: மலையும் பெட்டியும்

மிஷன் பீக்கின் உயரம் 2,517 அடி, அதாவது 767 மீட்டர். 1797இல் அடிவாரத்தில் தொடங்கப்பட்ட மிஷன் சான் ஹோசே தேவாலயத்திலிருந்து வந்த பெயர். ஸ்டான்ஃபோர்டு அவென்யூ முனையிலிருந்து கிளம்பும் பாதையில் உச்சிக்கு ஏறத்தாழ மூன்று மைல். அந்த மூன்று மைலுக்குள் சுமார் 640 மீட்டர் ஏற வேண்டும். பழனி மலை தரையிலிருந்து ஏறத்தாழ 150 மீட்டர். அதைப் போல நான்கு மடங்குக்கு மேல். வழி நெடுக மாடு மேயும் புல்வெளி. குளிர்காலத்தில் பச்சையாக இருப்பது ஜூலையில் வைக்கோல் நிறத்துக்கு மாறிவிடும். நிழல் என்று சொல்லிக்கொள்ள ஏதுமில்லை.

உச்சியில் ஒரு இரும்புக் கம்பம் உண்டு. சுற்றியுள்ள இடங்களைப் பார்ப்பதற்காக அதில் குழாய்கள் பதித்திருப்பார்கள். 1990இல் ஒரு பூங்கா ரேஞ்சர் செய்து நட்டது. அதன் உள்ளே சில பொருள்களைக் காலப்பேழையாக மூடி வைத்திருக்கிறார்கள். கம்பத்தைப் பிடித்துப் படம் எடுக்கத்தான் பெரும்பாலோர் ஏறுகிறார்கள். நாங்கள் ஏறியது வேறொன்றுக்காக.

ஜியோகேஷிங் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஒருவர் தண்ணீர் புகாத ஒரு பெட்டியை எங்காவது மறைத்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் ஜி.பி.எஸ். உதவியோடு தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் பதிவேட்டில் கையெழுத்திட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைப்பார்கள். பொதுமக்கள் பயன்படுத்தும் ஜி.பி.எஸ். சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. அடுத்த ஓரிரு நாளில், மே 3ஆம் தேதி, டேவ் அல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தின் பீவர்கிரீக் அருகே முதல் பெட்டியை வைத்தார். அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியது.

ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு மதிப்பெண்கள் உண்டு. கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு ஒன்று, அந்த இடத்துக்குப் போவது எவ்வளவு கடினம் என்பதற்கு இன்னொன்று. இரண்டும் 1 முதல் 5 வரை. நாங்கள் தேடிப் போன பெட்டிக்குத் தேடல் 1.5, நிலம் 4. நான் முதல் எண்ணைப் பார்த்து, "சுலபம்தான், சின்னப் பையனே எடுத்துவிடுவான்" என்று சொன்னது நினைவிருக்கிறது. அன்று எங்களைப் பாதித்தது இரண்டாவது எண்.

குழு

நான், என் நண்பர், அவருடைய 12 வயது மகன், நண்பரின் அப்பா. அப்பாவுக்கு வயது 66. மதுரைக்காரர். ஊரில் தினமும் விடியற்காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்பவர். பழனிக்கும் அழகர்மலைக்கும் பலமுறை போய்வந்தவர். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார் என்பது எனக்குத் தெரியும். அந்த மாத்திரையில் சிறுநீரைப் பெருக்கி உப்பையும் நீரையும் வெளியேற்றும் மருந்து சேர்ந்திருந்தது தெரியாது. நான் கேட்கவில்லை. அவர் அமெரிக்கா வந்து ஏழு வாரம் ஆகியிருந்தது.

பையனுக்கு இது ஆறாவது பெட்டி. முந்தைய ஐந்தும் பூங்காக்களிலும் ஏரிக்கரையிலும் எடுத்தவை. பெட்டியின் குறிப்பு எழுத்துகளை 13 இடம் தள்ளி மாற்றித் தந்திருப்பார்கள். அதை முந்தின இரவே தாத்தாவோடு உட்கார்ந்து காகிதத்தில் பிரித்து எழுதி வைத்திருந்தான். மலைக்கு வர வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை வந்தது அந்தக் காகிதத்திலிருந்துதான். பேரன் கண்டுபிடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்றார்.

புறப்படுவதற்கு முன் எடுத்த முடிவுகள்

ஏழு மணிக்கு நடக்கத் தொடங்குவது என்று பேசியிருந்தோம். ஸ்டான்ஃபோர்டு அவென்யூ வாகன நிறுத்துமிடம் சிறியது. வார இறுதியில் சீக்கிரமே நிரம்பிவிடும் என்று தெரிந்தும் தாமதமாகப் போனோம். இடம் தேடி அலைந்து நடக்கத் தொடங்கியபோது 8:10. மூன்று மைல் ஏற இரண்டு மணி நேரம் என்ற கணக்கை மட்டும் மாற்றவில்லை. ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் எவ்வளவு வெயில் கூடும் என்று யோசிக்கவே இல்லை.

தண்ணீர் ஆளுக்கு அரை லிட்டர் பாட்டில் இரண்டு. காரின் திரை 14 டிகிரி என்று காட்டியது. பனிமூட்டம் மலையை முழுக்க மறைத்திருந்தது. எனக்கே குளிரியது. தண்ணீர் போதுமா என்று நண்பர் கேட்டதற்கு, "இந்தக் குளிரில் யார் குடிக்கப் போகிறார்கள்?" என்றேன். அப்பா ஸ்வெட்டரும் அதற்குள் முழுக்கைச் சட்டையும் போட்டிருந்தார். "மேலே போகப் போக இன்னும் குளிரும்ல தம்பி, ஊட்டி மாதிரி?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அது தவறான பதில். கோடையில் இந்த சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் பல காலைகளில் அது தலைகீழாக இருக்கும். பசிபிக்கின் குளிர்ந்த நீர் தன் மேலுள்ள காற்றைக் குளிர்வித்து மூடுபனியாக நிலப்பகுதிக்குள் அனுப்பும். அந்தக் குளிர்ந்த அடுக்கின் மேல் சூடான, உலர்ந்த காற்று மூடி போட்டதுபோல் உட்கார்ந்திருக்கும். பனி அடுக்கு பெரும்பாலும் சில நூறு மீட்டர் உயரம்தான். மிஷன் பீக் போன்ற மலை அடிவாரத்தில் அதற்குள் நின்று, நடுவில் அதைத் துளைத்து வெளியே வந்துவிடும். கீழே 14 டிகிரி இருக்கும் அதே நேரத்தில் மேலே 30ஐ நெருங்கலாம். பத்து ஆண்டுக்கு மேல் இங்கே இருக்கிறேன். மூடுபனிக்கு மேலே விமானத்திலிருந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அன்று காலை அது என் நினைவுக்கு வரவில்லை.

அப்பா காலையில் காபியும் இரண்டு இட்லியும் மட்டும் சாப்பிட்டிருந்தார். மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொண்டார்.

பனிமூட்டத்துக்கு மேலே

முதல் ஒரு மணி நேரம் நன்றாகப் போனது. அப்பாதான் எங்கள் எல்லாரையும்விட வேகம். 9:15 வாக்கில் மூடுபனியின் மேல் விளிம்பைத் தாண்டினோம். அழகான காட்சி. கீழே வெள்ளைக் கடல், அதற்கு மேல் மலைமுதுகுகள் தீவுகள்போல. ஐந்து நிமிடம் நின்று படம் எடுத்தோம். ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னேன், கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டார். பையில் மாட்டியிருந்த வெப்பமானியை என் உடல் நிழலில் பிடித்துப் பார்த்தேன்: 27. அரை மணி நேரம் கழித்து 31.

அந்த அரை மணி நேரத்தில் கண்ணில் பட்டவற்றை இப்போது வரிசையாக எழுத முடிகிறது. அப்பாவின் பேச்சு குறைந்தது. பேரனுக்கு முன்னால் நடந்தவர் கடைசி ஆளாகப் பின்தங்கினார். முகத்தில் வியர்வை இல்லை. மதுரையில் வியர்த்தால் சட்டை நனையும். இங்கே உலர்ந்த காற்றில் வியர்வை வந்த வேகத்தில் ஆவியாகிவிடும், உடம்பு நீரை இழப்பது தெரியவே தெரியாது. வியர்க்காததை அவர் தெம்பாக இருப்பதன் அறிகுறி என்று எடுத்துக்கொண்டோம். அவருடைய பாட்டிலில் பாதிகூடக் குறையவில்லை. வழியில் சிறுநீர் வந்தால் எங்கே போவது என்ற கூச்சத்தில் தண்ணீரைத் தவிர்த்திருக்கிறார். இதை மறுநாள்தான் மகனிடம் சொன்னார்.

மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும், "நல்லா இருக்கேன் தம்பி, எங்க ஊர் வெயில்ல இதெல்லாம் ஒண்ணுமே இல்ல" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வெயிலுக்குப் பழகிய உடம்பு அந்தப் பழக்கத்தைச் சில வாரங்களிலேயே இழந்துவிடும் என்பது அப்புறம் மருத்துவர் சொல்லித் தெரிந்தது. ஏழு வாரம் ஃப்ரீமாண்டின் குளிர்ந்த காலைகளில் இருந்தவருக்கு மதுரை வெயிலின் காப்பு மிச்சம் இருந்திருக்காது. அதை அவர் அறிந்திருக்க வழியில்லை. நடத்திப் போன நான் அறிந்திருக்க வேண்டும்.

240 மீட்டர்

9:55க்கு, உச்சிக்குக் கீழே வழிகள் கூடும் ஒரு சமதளத்தில் அப்பா பாறை ஒன்றில் உட்கார்ந்தார். "நீங்க போங்க, நான் மெல்ல வர்றேன்" என்றார். பையனின் கையில் இருந்த ஃபோன் பெட்டிக்கு 240 மீட்டர் என்று காட்டியது. மற்றதையெல்லாம் அந்த எண் மறைத்துவிட்டது. மூன்று மைல் வந்தாயிற்று, இன்னும் 240 மீட்டர்தான் என்று எல்லாருக்கும் தோன்றியது. அது நேர்கோட்டுத் தூரம். பாதை வழியே அதைவிட நீளம், இன்னும் செங்குத்து. அது எனக்குத் தெரியும். ஆனாலும் வாயால் சொன்னது, "240 மீட்டர்தான், எடுத்துவிட்டு வந்துவிடுகிறோம்."

இங்கேதான் குழு பிரிந்தது. நானும் பையனும் முன்னால் போவது, நண்பர் அப்பாவோடு இருப்பது என்று முடிவு. என் நோக்கம் அப்பாவுக்கு ஓய்வு தருவது, பையனை ஏமாற்றாமல் இருப்பது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும் என்று நினைத்தேன். நாங்கள் கிளம்பிய ஐந்து நிமிடத்தில் அப்பா மகனிடம், "பையன் மேல ஏறுறான், நீயும் கூடப் போப்பா, நான் இங்கதான இருக்கேன்" என்று வற்புறுத்தியிருக்கிறார். நண்பரும் கிளம்பிவிட்டார். அவர் கிளம்பியது எனக்குத் தெரியாது. தனியாக விடக்கூடாது என்று நான் வாய்விட்டுச் சொல்லவும் இல்லை.

பெட்டிக்கு 110 மீட்டர் இருக்கும்போது பாதை ஒரு பக்கம் வளைந்தது, ஃபோனில் பெட்டியின் திசையைக் காட்டும் அம்புக்குறி சரிவைத் தாண்டி இன்னொரு பக்கம் காட்டியது. "மாமா, இப்படியே குறுக்கே போனா சீக்கிரம்" என்றான் பையன். பாதையை விட்டு விலகாதீர்கள் என்ற பலகையை வழியில் இரண்டு இடத்தில் பார்த்திருந்தோம். அது வெறும் ஒழுங்குக்காக வைத்த பலகை இல்லை. 1998இல் எல் நினோ மழைக்குப் பிறகு இந்த மலையின் மேற்குப் பக்கத்தில் பெரிய நிலச்சரிவு ஏற்பட்டது. நகரத்திலிருந்து பார்த்தாலே அந்தத் தழும்பு தெரியும். ஆயிரக்கணக்கானோர் குறுக்குவழி போட்டதால் அரித்துப்போன சரிவுகளும் நிறைய. இது தெரிந்தும் நான் சரி என்றேன். இருபதடி போயிருப்போம். காய்ந்த புல் ஷூவுக்கடியில் வைக்கோல்போரில் நடப்பதுபோல வழுக்கும். பையன் சறுக்கி நாலைந்து மீட்டர் கீழே போய் ஒரு கல்லைப் பிடித்து நின்றான். உள்ளங்கை கிழிந்து ரத்தம். அதைத் தவிர ஒன்றுமில்லை. இன்னும் சற்றுக் கீழே சரிவு எப்படிப் போகிறது என்று அன்று நான் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு ஒருநாள் பாதையில் நின்று பார்த்தேன், அதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

அவனைப் பாதைக்கு ஏற்றிக் கையைக் கட்டிக்கொண்டிருக்கும்போது நண்பர் மேலே வந்தார். "அப்பா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. பெட்டிக்கு ஏறத்தாழ 100 மீட்டர். திரும்பினோம்.

சமதளத்தில் பார்த்தது

நாங்கள் வந்து சேர்ந்தபோது 10:25. அப்பா ஏறத்தாழ 20 நிமிடம் தனியாக இருந்திருக்கிறார். அவர் பாறையிலிருந்து சரிந்து உட்கார்ந்ததைப் பார்த்த இரண்டு பெண்கள், முன்பின் தெரியாதவர்கள், தங்கள் குடையைப் பிடித்து அவருக்கு நிழல் தந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் தன் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர்களுக்கு நன்றி சொல்லக்கூட அன்று நேரம் கிடைக்கவில்லை.

முகம் வெளுத்திருந்தது. கை சில்லென்று ஈரமாக இருந்தது. கெண்டைக்கால் இரண்டும் இழுத்துக்கொண்டிருந்தன. குமட்டல். எழுந்து நிற்க முயன்றபோது கண் இருட்டியது. ஆனால் கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னார்: பேரன் பெயர், என்ன கிழமை, எந்த மலை. இதை வைத்து வெப்பத் தளர்ச்சி என்று முடிவு செய்தோம். பேச்சு குழறி, குழப்பம் வந்து, உடல் கொதித்தால் அது வெப்பத் தாக்கு, அது உயிருக்கே ஆபத்து. ஒன்று எப்போது மற்றொன்றாக மாறும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பையனை விட்டே கேள்வி கேட்கச் சொன்னேன். அவனுக்கும் செய்ய ஒரு வேலை வேண்டியிருந்தது.

படுக்க வைத்துக் கால்களைப் பையின் மேல் உயர்த்தினோம். சட்டைப் பொத்தான்களைக் கழற்றினோம். துண்டை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைத்து, வரைபடத் தாளை மடக்கி விசிறினோம். எங்கள் நால்வரிடமும் சேர்த்து அப்போது மிச்சம் இருந்த தண்ணீர் ஒன்றரை லிட்டருக்கும் குறைவு. குடிப்பதற்கு வைப்பதா, உடம்பை நனைப்பதா என்று கணக்குப் பார்க்க வேண்டிய நிலை.

உதவிக்கு அழைத்தது

10:35க்கே அவசர உதவி எண்ணான 911ஐ அழைத்திருக்க வேண்டும். 10:52க்குத்தான் அழைத்தோம். காரணம் பணம். "ஆம்புலன்ஸெல்லாம் வேண்டாம்ப்பா, இங்க லட்சக்கணக்குல பில் வரும்னு சொல்றாங்க. கொஞ்சம் படுத்தா சரியாயிரும்" என்றார் அப்பா. நண்பர் தயங்கினார். அவருக்காக எடுத்த பயணிகள் காப்பீட்டில் என்னென்ன அடங்கும் என்று அந்த நிமிடம் யாருக்கும் தெரியவில்லை. ஆவணம் வீட்டில் இருந்தது. பெற்றோரை வரவழைக்கும் ஒவ்வொரு வீட்டிலும் இந்தப் பயம் இருக்கிறது. கேலி செய்ய வேண்டிய விஷயமே இல்லை. ஆனால் அந்தப் பேச்சை நடத்துவதற்கு ஏற்ற இடம் வெயில் காயும் மலைமுதுகு கிடையாது.

கொடுத்த தண்ணீரை அப்பா வாந்தி எடுத்ததும் பேச்சு முடிந்தது. வாயால் உள்ளே போகவில்லை என்றால் நாங்கள் செய்வது எதுவும் பயன்படாது. நான் அழைத்தேன். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். பாதையின் பெயரைச் சொன்னேன், அதில் எந்த இடம் என்று விளக்கத் தடுமாறினேன். பையன் ஃபோனை என் முன்னால் நீட்டினான். பெட்டியைத் தேட வைத்திருந்த அதே செயலியில், நாங்கள் நின்ற இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இருந்தன. அதை அவனே நிறுத்தி நிதானமாக வாசித்தான். பாகை (டிகிரி), அப்புறம் கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு), அதில் தசமத்தில் மூன்று இலக்கம். மூன்றாவது தசம இலக்கம் அட்சரேகையில் இரண்டு மீட்டருக்கும் குறைவான தூரம். அதற்குமேல் யாரும் எங்களைத் தேட வேண்டியிருக்கவில்லை.

அகலமான மண்பாதையில் மீட்புக் குழுவின் வண்டி வந்து சேர 35 நிமிடம் ஆனது. அதற்குள் குமட்டல் சற்றுக் குறைந்திருந்தது. ரத்த அழுத்தம் மிகக் குறைவாக இருந்ததால் நடந்து இறங்க அனுமதிக்கவில்லை. நண்பர் உடன் போனார். நானும் பையனும் நடந்து இறங்கினோம். கீழே வரும்வரை அவன் பேசவில்லை. வாகனம் நிறுத்திய இடத்துக்கு வந்ததும், "நான் கேட்டதாலதான் தாத்தா வந்தாங்க" என்றான். அது அப்படி இல்லை, கூட்டிப்போனது மாமாதான், பார்த்துக்கொள்ள வேண்டியதும் மாமாதான் என்று அங்கேயே சொன்னேன். பெரியவர்கள் செய்த தவற்றைக் குழந்தை தன் மேல் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகக்கூடாது. அன்றைக்கு நான் சரியாகச் செய்த ஓரிரண்டு காரியங்களில் இதுவும் ஒன்று என்று நினைக்கிறேன்.

மருத்துவமனையும் அடுத்த வாரங்களும்

இரத்தநாளம் வழியாக உப்புநீர் ஏற்றினார்கள். இதயத்தில் பிரச்சினை இல்லை. ரத்தத்தில் சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. மாத்திரை, குறைவான உணவு, குடிக்காத தண்ணீர், ஏற்றம், வெயில் எல்லாம் ஒரே காலையில் சேர்ந்ததுதான் காரணம் என்றார் மருத்துவர். மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு வாரத்தில் பழையபடி ஆனார். டிடக்டிபிள், அதாவது நாமே முதலில் கட்ட வேண்டிய தொகை, போக மீதிச் செலவில் பெரும்பகுதியைக் காப்பீடு ஏற்றுக்கொண்டது.

மறுநாள் பையன் அந்தப் பெட்டிக்கான இணையப் பக்கத்தில் "கிடைக்கவில்லை" என்று பதிவிட்டான். தேடவே இல்லையே, எதற்குப் பதிவு என்று நான் கேட்டேன். பாதி வழியில் திரும்பியதையும் ஏன் என்பதையும் எழுதினால் அடுத்து வருகிறவர்கள் தண்ணீர் கூடுதலாக எடுப்பார்கள் என்றான். இரண்டு வரிதான் எழுதியிருந்தான்: மூடுபனிக்கு மேலே சூடாக இருக்கும், நிழல் கிடையாது.

ஆகஸ்டில் அப்பா கேட்டுக்கொண்டதால் லேக் எலிசபெத் ஏரியைச் சுற்றி இரண்டு மாலை நடந்தோம். சமதளம், மரநிழல், கழிப்பறை, தண்ணீர் எல்லாம் பக்கத்தில். இரண்டாவது மாலையில் ஒரு சின்ன டப்பாவை அப்பாதான் கண்டுபிடித்தார். அவர் ஆசைப்பட்டது பேரனின் கண்டுபிடிப்பைப் பார்க்க, நடந்தது நேர்மாறாக. அன்று அவன் குதித்த குதிப்பைப் பார்க்க அந்த மலையே தேவைப்பட்டிருக்கவில்லை என்று எனக்குப் பட்டது.

எங்கே தவறினோம், எதை மாற்றினோம்

திரும்பிப் பார்த்தால், எல்லாத் தவறுகளுக்கும் கீழே ஒன்று இருக்கிறது. ஏற்றம் எப்படிப் போகிறது என்பதைத் திரையில் குறைந்துகொண்டு வந்த எண்ணை வைத்து அளந்தேன். கடைசியாக வரும் ஆளின் நடையை வைத்து அளந்திருந்தால், 9:30க்கே, அப்பா பின்தங்கத் தொடங்கியபோதே திரும்பியிருப்போம். அப்போது அவரால் சொந்தக் காலில் இறங்கியிருக்க முடியும்.

இப்போது நான் பின்பற்றுவது: கிளம்பும் முன்பே திரும்பும் நேரத்தைக் கடிகாரத்தில் குறித்துவிடுகிறேன். பெட்டி பத்தடியில் இருந்தாலும் அந்த நேரத்தில் திரும்புவது. தாமதமாகக் கிளம்பினால் அந்த நேரம் தள்ளிப்போகாது. கோடையில் இந்த மலைக்குப் போனால் விடிந்ததும் தொடங்கி, மூடுபனி விலகுமுன் இறங்குமுகமாகிவிட வேண்டும். வெப்பநிலையை அடிவாரத்துக்குப் பார்ப்பதில்லை, உச்சிக்குப் பார்க்கிறேன். தண்ணீர் வெயிலில் மணிக்கு முக்கால் லிட்டர் முதல் ஒரு லிட்டர் என்ற கணக்கில் ஆளுக்கு மூன்று லிட்டராவது, கூடவே உப்புக்கடலையோ ஓ.ஆர்.எஸ். பொடியோ.

"நல்லா இருக்கீங்களா?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். நம் பெரியவர்கள் அதற்கு ஒரே ஒரு பதிலைத்தான் சொல்வார்கள், அதுவும் பேரன் முன்னால். பாட்டிலை வாங்கிப் பார்க்கிறேன். இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச முடிகிறதா என்று கவனிக்கிறேன். கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதை அவர்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். மாத்திரைகளின் பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்கிறேன், காப்பீட்டு அட்டையின் படத்தையும் ஃபோனில் வாங்கிக்கொள்கிறேன்.

குழுவைப் பிரிப்பதே கூடாது என்று சொல்ல மாட்டேன், சில சமயம் பிரியத்தான் வேண்டும். பிரிந்தால் யார் யாரோடு, எங்கே, எத்தனை மணி வரை என்பதைச் சத்தமாகச் சொல்லி, கேட்டவர் திருப்பிச் சொன்ன பிறகே நகர்வது.

அம்புக்குறி விஷயம் பையனுக்கே விட்டுவிட்டேன். கடைசி 30 மீட்டர் வரை திரையில் பாதை வரைபடம் மட்டும்தான் இருக்கும், அம்புக்குறியைத் திறப்பதில்லை என்று அவனே விதி வைத்துக்கொண்டான்.

நவம்பர் ஏற்றம்

அப்பா அக்டோபரில் ஊருக்குத் திரும்பிவிட்டார். நவம்பரில் ஒரு சனிக்கிழமை நான், நண்பர், பையன் மூவரும் மறுபடி போனோம். இந்த முறை ஓலோனி கல்லூரிப் பக்கத்திலிருந்து. அந்த வழி கொஞ்சம் நீளம், ஆனால் கீழ்ப்பகுதியில் ஓக் மரங்களின் நிழல் உண்டு. 7:05க்குத் தொடங்கினோம். திரும்பும் நேரம் 10:30 என்று பையனின் கையில் பேனாவால் எழுதியிருந்தது. முதல் மழைக்குப் பின் புல் துளிர்க்க ஆரம்பித்திருந்தது.

9:40க்கு ஜூலையில் சறுக்கிய வளைவுக்கு வந்தோம். பாதையை விடாமல் சுற்றிப் போக ஒன்பது நிமிடம்தான் கூடுதலாக ஆனது. அம்புக்குறியைத் திறந்தபோது 28 மீட்டர். பாறைகளுக்கு நடுவில் எண் ஆறு, பதினொன்று, நான்கு என்று தாவியது. பையன் ஃபோனைப் பையில் போட்டுவிட்டுத் தாத்தாவோடு எழுதிய காகிதத்தை எடுத்தான். பத்து நிமிடத்தில் பெட்டி கையில்.

பதிவேட்டில் மூவரும் கையெழுத்திட்டோம். நான்காவதாக அவன் தாத்தாவின் பெயரைத் தமிழில் எழுதி, ஜூலைத் தேதியைப் போட்டு, பக்கத்தில் "100 மீட்டர் வரை" என்று குறித்தான். பெட்டியை இருந்தபடியே மூடி வைத்துவிட்டு 10:15க்கு இறங்கத் தொடங்கினோம். கீழே வந்தபோது என் பையில் ஒன்றேகால் லிட்டர் தண்ணீர் மிச்சம் இருந்தது.